பெயரில்லாப் பணம்: பெற்றோர் இல்லமும் பிள்ளைகள் தேடும் வீடும்

அரபு மொழியில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பல. இரவைக் கழிக்கும் இடம் என்ற பொருளில் ‘பைத்’ என்பார்கள். முற்றமும் சுற்றுச்சுவரும் கொண்டதைத் ‘தார்’ என்பார்கள். பயணி இறங்கித் தங்குமிடம் ‘மன்ஸில்’. அமைதி கொள்ளுமிடம் ‘மஸ்கன்’. இந்தக் கடைசிச் சொல்லின் வேருக்கு, அசைவு அடங்கி நிலைகொள்ளுதல் என்று பொருள். மனைவியின் குடியிருப்பு உரிமையைக் குறிக்கும் ‘சுக்னா’, உள்ளத்தில் இறங்கும் அமைதியைக் குறிக்கும் ‘ஸகீனத்’ ஆகிய இரண்டும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 80ஆம் வசனம், மனிதர்களுக்கு அவர்களுடைய வீடுகளை அமைதித்தலமாக ஆக்கியதை அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணிச் சொல்கிறது.

அமைதி தரவேண்டிய அந்த அருட்கொடையே குடும்பத்தின் அமைதியைக் குலைக்கும் காரணமாக மாறுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இராயபுரம் கல்மண்டபத்தை அடுத்த சந்து ஒன்றிலிருந்து இரு சகோதரர்களும் அவர்களின் சகோதரியும் மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வந்தனர். (அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறேன்.) தந்தை திருவொற்றியூர் ஆலை ஒன்றில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்து, கீழ்த்தளம் மட்டும் கொண்ட ஒரு சிறு வீட்டைக் கட்டியவர். மூத்த மகன் திருமணமானதும் வளைகுடாவில் ஈட்டிய பணத்தில் எட்டு இலட்சத்தைத் தந்தையிடம் கொடுத்தார். மாடி எழும்பியது. அந்த மாடியில் மனைவி மக்களோடு பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தபடியே, தனக்கென ஒரு வீடு வாங்க அவர் பணம் சேர்த்துவந்தார். வீடு வாங்கும் முன் தந்தை இறந்துபோனார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

“மாடி என்னுடையது” என்றார் மூத்தவர். “பதினோரு ஆண்டுகள் வாடகையின்றி இருந்தீர்களே, அந்தப் பணம் அதில் கழிந்துவிட்டது” என்றார் இளையவர். சகோதரி எதுவும் பேசவில்லை. நான் மூத்தவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அத்தாவிடம் பணத்தைக் கொடுத்தபோது என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?” அவர் திகைத்துவிட்டார். “அத்தாவிடம் என்ன ஹஜ்ரத் சொல்லிக் கொடுப்பது? கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.”

அந்த மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை. அந்த எட்டு இலட்சத்திற்கு ஒரு பெயர் இல்லாமல் போனதே அங்கிருந்த குறை. இக்கட்டுரை அந்தப் பெயரைப் பற்றியது.

வடசென்னையின் நிலை

பெற்றோரும் மணமான பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது நமக்குப் புதிதல்ல. ஆயினும் வடசென்னையில் அதற்குத் தனியான ஒரு பின்னணி உண்டு. 1856இல் இராயபுரத்தில் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. துறைமுகமும் பண்டகசாலைகளும் அதனை ஒட்டி வளர்ந்தன. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டி, மோட்டார் வாகனம், மோட்டார் சைக்கிள், டயர் என ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. அசோக் லேலண்டின் முன்னோடியான அசோக் மோட்டார்ஸ் 1948இல் தோன்றியது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை 1955இல் அமைந்தது. நிரந்தர வேலை, வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை ஆகியவற்றின் துணையால் ஒரு தலைமுறை சிறு மனைகளை வாங்கி வீடு கட்டிக்கொண்டது. இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மண்ணடிக்கும் இராயபுரத்திற்கும் வணிகத்திற்காக வந்த நம்மவர்களும் அவ்வாறே வேரூன்றினர்.

அவர்களுடைய பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுள் பலருக்குக் கிடைப்பது ஒப்பந்த வேலை. திருவொற்றியூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டது. தந்தை ஆலைக் கூலியில் வாங்கிய மனைக்கு இணையான ஒன்றை, பட்டம் பெற்ற மகன் தன் சம்பளத்தில் வாங்க இயலவில்லை. வாங்கும் விலைக்கு மேல் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அரசுக்குச் செலுத்தவேண்டியது வேறு. ஆகவே அவன் பெற்றோர் வீட்டிலேயே இருந்து வாடகையை மிச்சப்படுத்துகிறான். ஐந்தாண்டு என்று தொடங்குவது பத்தாண்டு ஆகிறது.

இதில் குறையேதும் இல்லை. அந்நூர் அத்தியாயம் 61ஆம் வசனம் தந்தையர், தாயர், சகோதரர், சகோதரியர், பெற்றோருடன் பிறந்தோர் ஆகியோரின் வீடுகளில் உண்பதில் குற்றமில்லை என்கிறது. சேர்ந்து உண்பதும் தனித்து உண்பதும் ஆகும் என்கிறது. இப்பட்டியலில் பிள்ளைகளின் வீடு தனியே சொல்லப்படவில்லை. ‘உங்கள் வீடுகள்’ என்று வசனம் முதலில் குறிப்பிடுவதிலேயே பிள்ளைகளின் வீடும் அடங்கிவிட்டது என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். இந்த அளவு நெருக்கத்தை அங்கீகரிக்கும் மார்க்கமே, அந்த நெருக்கத்திற்குள் உரிமைகளின் எல்லைகளையும் வரைந்திருக்கிறது.

மருமகளின் உரிமை

முதல் எல்லை மனைவியின் சுக்னா. அத்தலாக் அத்தியாயம் 6ஆம் வசனம், கணவர்கள் தம் வசதிக்கேற்பத் தாம் குடியிருக்கும் இடத்தில் இத்தாவிலிருக்கும் பெண்களையும் குடியமர்த்தப் பணிக்கிறது. இடநெருக்கடி உண்டாக்கித் தொல்லை தருவதைத் தடுக்கிறது. மணவிலக்குப் பெற்றவளுக்கே இவ்வுரிமை என்றால் மணவாழ்வில் இருப்பவளுக்கு அது இன்னும் உறுதியானது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் முடிவு செய்தனர்.

எத்தகைய இடம்? ஹனஃபி மத்ஹபின் ‘ஹிதாயா’ நூலாசிரியர் இமாம் மர்ஃகீனானி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 593) கணவனின் உறவினர் எவரும் இல்லாத தனி இடம் மனைவியின் உரிமை என்கிறார். பெரிய வீடொன்றில் தனியே பூட்டிக்கொள்ளத்தக்க ஓர் அறையைக் கொடுத்தாலும் போதும் என்றும் சொல்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தப் ‘பூட்டு’ என்னும் நிபந்தனை, இராயபுரத்து ஒண்டுக்குடித்தன வீட்டில் திரைச்சீலையால் பிரிக்கப்பட்ட பகுதியில் வாழும் மருமகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று எண்ணிப்பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபில், இடம் அவளுடைய நிலைக்குத் தக்கதாக இருக்கவேண்டும். அது கணவனுக்குச் சொந்தமானதாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனையல்ல. வாடகை வீடோ இரவலாகக் கிடைத்த வீடோ ஆகலாம்.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கிறது. மார்க்கம் கணவன்மீது கடமையாக்கியது தகுந்த குடியிருப்பையே. சொந்த வீடு என்பது விருப்பம். அந்த விருப்பத்திற்காகப் பணம் சேர்க்கும் காலம் முழுவதும், பூட்டில்லாத மூலையில் மனைவியை வைத்திருப்பது, கடமையை விட்டு விருப்பத்தைப் பற்றிக்கொள்வதாகும். அந்நூர் அத்தியாயம் 58, 59ஆம் வசனங்கள் வைகறைக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் என்னும் மூன்று நேரங்களில் வீட்டிலுள்ள சிறுவர்களும் அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும் என்றும், பருவமடைந்தோர் எப்போதும் அனுமதி கேட்கவேண்டும் என்றும் விதிக்கின்றன. கதவே இல்லாத இடத்தில் எதைத் தட்டி அனுமதி கேட்பது?

தந்தையின் பொருள், மகனின் பொருள்

இரண்டாவது எல்லை உடைமை. “நீயும் உன் பொருளும் உன் தந்தைக்கே” என்ற கருத்திலமைந்த நபிமொழி இப்னுமாஜாவில் இடம்பெற்றிருக்கிறது. மகனின் சம்பாத்தியம் அனைத்தும் தந்தையுடையதே என்று வாதிடுவோர் இதனையே எடுத்துக்காட்டுவர். ஆனால் பெரும்பான்மை அறிஞர்கள் இதனை உடைமை மாற்றமாகக் கொள்ளவில்லை. தேவையுள்ள தந்தைக்கு மகன்மீதுள்ள உரிமையையும் நன்றிக்கடனையும் உணர்த்துவதாகவே கொண்டனர். அவர்கள் காட்டும் சான்று வலுவானது. மகன் பிள்ளைகளை விட்டு இறந்தால் அவன் சொத்தில் தந்தைக்கு ஆறில் ஒரு பங்கு என்று அந்நிஸா அத்தியாயம் 11ஆம் வசனம் விதிக்கிறது. முழுவதும் தந்தையுடையதாகவே இருந்திருந்தால் ஆறில் ஒரு பங்கு என்பதற்குப் பொருளே இல்லை.

இதன் மறுபக்கத்தையும் நம் இளைஞர்கள் அறியவேண்டும். ‘பூர்வீகச் சொத்தில் எனக்குப் பிறப்பிலேயே பங்குண்டு’ என்னும் எண்ணம், சுற்றியுள்ள வழக்கங்களிலிருந்து நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. இஸ்லாமியச் சட்டத்தில் பிறப்புரிமைப் பங்கு என்று ஒன்று இல்லை. உயிருடன் இருப்பவருக்கு வாரிசும் இல்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின் கீழ் இந்திய நீதிமன்றங்களிலும் இதுவே நிலை. தந்தை வாழும்வரை வீடு தந்தையுடையது. மகன் அங்கே வாழ்வது அவருடைய அனுமதியால்.

அப்படியானால் தந்தையின் நிலத்தில் மகன் பணம் போட்டு எழுப்பிய மாடி யாருடையது? இங்கேதான் மத்ஹபுகளின் நுட்பம் வெளிப்படுகிறது. தந்தையும் மகனும் ஒரே தொழிலைச் சேர்ந்து செய்து, தொடக்கத்தில் இருவருக்கும் தனிமுதல் இல்லாமல், மகன் தந்தையின் பராமரிப்பில் இருந்தால், ஈட்டியது முழுவதும் தந்தைக்கே, மகன் அவருக்கு உதவியாளன் மட்டுமே என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 1252) தம் ‘ரத்துல் முஹ்தா’ரில் பதிவு செய்கிறார். மண்ணடியில் தந்தையின் கடையில் சம்பளம் பேசாமல் இருபது ஆண்டுகள் உழைக்கும் மகன்கள் இதனைக் கருத்தூன்றிப் படிக்கவேண்டும். வெளியில் வேலைபார்த்துத் தனியே ஈட்டும் மகனின் நிலை இதுவன்று; அவனுடைய சம்பளம் அவனுடையது.

அப்படித் தன் பணத்தில் மனைவியின் வீட்டை அவள் அனுமதியோடு ஒருவன் கட்டினால், கட்டடம் அவளுக்கு உரியது, செலவு அவள்மீது கடன் என்பது அதே நூலில் காணப்படும் தீர்ப்பு. அனுமதியின்றி அவளுக்காகக் கட்டினால் அது நன்கொடையாகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில், ஒருவர் தம் இடத்தில் கட்டிக்கொள்ள மற்றவருக்கு அனுமதி தந்தால் அது ‘ஆரியத்’, அதாவது இரவல். கட்டடம் கட்டியவனுடையது, இடம் இடத்துக்காரருடையது. இரவலைத் திரும்பப் பெறும்போது இழப்பீடு எப்படி என்பதற்கு விரிவான விதிகள் உண்டு. ஆக, ‘நான் கட்டிக்கொள்கிறேன்’ என்று சொன்ன மகனுக்கு ஒரு தீர்ப்பு, ‘நீங்கள் கட்டுங்கள், பிறகு தாருங்கள்’ என்று கொடுத்த மகனுக்கு ஒரு தீர்ப்பு, ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்த மகனுக்கு ஒரு தீர்ப்பு. ‘கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்’ என்ற மகனுக்கு என்ன தீர்ப்பு சொல்வது?

நான்கு பெயர்கள்

ஒரே வீட்டுக்குள் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே கைமாறும் பணத்திற்கு ஃபிக்ஹில் பெரும்பாலும் நான்கு பெயர்கள் உண்டு. ‘ஹிபா’ என்பது ஈடு எதிர்பாராத அன்பளிப்பு. கைவசம் ஒப்படைத்தால் நிறைவேறும். பெற்றோரின் அன்றாடச் செலவுக்குத் தரும் பணம் இந்த வகையிலோ, ஏழைப் பெற்றோராயின் கடமையான ‘நஃபகா’விலோ சேரும். ‘கர்ழு’ என்பது கடன். கொடுத்த அளவே திரும்ப வரும். ‘ஷிர்கத்’ என்பது கூட்டுடைமை. விலை ஏறினாலும் இறங்கினாலும் பங்கின் அளவில் அது இருவரையும் சேரும். ‘இஜாரா’ என்பது வாடகை. பயன்படுத்திய அளவில் தீர்ந்துவிடும்.

பெயர் மாறினால் என்ன மாறும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். தந்தை இறக்கும்போது வீட்டின் மதிப்பு 80 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். வேறு கடன் இல்லை. வாரிசுகள் மனைவி, இரு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு போக மீதம், மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரியும். சொத்தை நாற்பது பங்காக்கினால் தாய்க்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7.

மூத்தவர் அன்று கொடுத்த எட்டு இலட்சம் ஹிபா எனில், 80 இலட்சமும் மீராஸ். தாய்க்கு 10, மகன்களுக்குத் தலா 28, மகளுக்கு 14 இலட்சம். வாடகையாகக் கொடுத்திருந்தாலும் இதே முடிவுதான்.

அது கர்ழு எனில், பாகப்பிரிவினைக்கு முன் கடன் தீர்க்கப்படவேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளை. எட்டு இலட்சத்தை எடுத்துக்கொடுத்த பின் மீதம் 72. தாய்க்கு 9, மகன்களுக்குத் தலா 25.2, மகளுக்கு 12.6. மூத்தவரின் கையில் மொத்தம் 33.2 இலட்சம்.

அது ஷிர்கத் எனில், மாடி கட்டிய அன்று நிலமும் கீழ்த்தளமும் 24 இலட்சம் பெறும் என்று கொள்வோம். எட்டைச் சேர்த்தால் 32. மகனின் பங்கு கால். இன்றைய 80இல் 20 இலட்சம் அவருடைய சொந்த உடைமை. அது மீராஸிலேயே சேராது. மீதம் 60இல் தாய்க்கு 7.5, மகன்களுக்குத் தலா 21, மகளுக்கு 10.5. மூத்தவருக்கு மொத்தம் 41 இலட்சம்.

28, 33.2, 41. ஒரே பணம், ஒரே வீடு, ஒரே குடும்பம். பெயர் மட்டுமே வேறு. வாய் திறவாமல் அமர்ந்திருந்த அந்தச் சகோதரியின் பங்கு 14ஆ, 12.6ஆ, 10.5ஆ என்பதும் அந்தப் பெயரைப் பொறுத்ததே. கைசேதம் என்னவெனில், அந்தப் பெயரைச் சொல்லத்தக்க ஒரே சாட்சி கப்றில் இருக்கிறார்.

பெயர் மீராஸை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஜகாத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. வீடு வாங்கவென்று சேர்த்துவைக்கும் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கு ஜகாத் உண்டு என்பதே பெரும்பான்மையோர் கருத்து. ‘வீட்டுக்கான பணம்தானே’ என்று பத்தாண்டுகள் ஜகாத் கொடுக்காமல் சேர்ப்பவர் இதனைக் கவனிக்கவேண்டும். அந்தப் பணம் தந்தையின் கணக்கில் இருந்தால் அதற்கான ஜகாத் யார்மீது? அன்பளிப்பு எனில் தந்தைமீது. அடைக்கலம் எனில் மகன்மீது. பெயரில்லாவிடில் இருவருமே கொடுப்பதில்லை.

பெண்மக்கள்

தந்தை மகனுக்குக் கொடுப்பதிலும் இதே கவனம் தேவை. பணிக்கொடையும் வைப்புநிதியும் கைக்கு வந்ததும், வீடு வாங்கத் தவிக்கும் மகனுக்கு அதனைத் தூக்கிக் கொடுத்துவிடும் தந்தையர் பலர். ‘மகளுக்குத்தான் திருமணத்தில் நகை போட்டோமே’ என்பது அவர்கள் சொல்லும் சமாதானம்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை தம் மகனுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்த நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பிள்ளைகள் எல்லோருக்கும் அவ்வாறே கொடுத்தாரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். இதனைக் கொண்டு, காரணமின்றி ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுப்பது வெறுக்கத்தக்கது என்று ஷாஃபிஈ, ஹனஃபி அறிஞர்களும், சமமாகக் கொடுப்பது கட்டாயம் என்று ஹன்பலி அறிஞர்களும் முடிவு செய்தனர். மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி ஒரு வாரிசுக்கு வஸிய்யத் செய்வதும் செல்லாது. ஆகவே மகனுக்கு வீட்டுக்கென உதவும் தந்தைக்குச் சிக்கலற்ற வழிகள் இரண்டு: மற்றப் பிள்ளைகளுக்கும் ஈடாகக் கொடுப்பது, அல்லது மகனுக்குக் கொடுப்பதைக் கடனாகவோ கூட்டுடைமையாகவோ ஆக்குவது.

வெளியிலிருந்து வரும் பணம்

சேமிப்பு போதாதபோது இளைஞர்கள் வங்கியை நாடுகின்றனர். 30 இலட்சம் கடனுக்கு ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டி, இருபதாண்டுத் தவணை எனில், மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது செலுத்தியிருக்கும் தொகை ஏறக்குறைய 62.5 இலட்சம். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1990இல் கூடிய தன் ஆறாம் அமர்வில், குடியிருப்பு அடிப்படைத் தேவை என்பதை ஏற்றுக்கொண்டே, வட்டிக் கடனால் அதனை நிறைவேற்றுவது ஆகாது என்று தீர்மானித்தது. 1999இல் ஐரோப்பிய ஃபத்வா மன்றம் அந்நாட்டுச் சிறுபான்மையினருக்குத் தேவையின் அடிப்படையில் சலுகை அளித்ததைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவர். அத்தீர்ப்பைப் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. அதனை ஏற்பவரும் அதன் நிபந்தனைகளைப் படிக்கவேண்டும்: மாற்றுவழி இருத்தலாகாது, வீடு குடியிருப்பதற்கே இருக்கவேண்டும், போதுமான வேறு வீடு இருத்தலாகாது. பெற்றோர் வீட்டில் பூட்டுள்ள அறையோடு வாழ்பவர் அந்தத் தேவையின் எல்லைக்குள் வருகிறாரா என்பதை அவரவர் மனச்சாட்சியும் அவர் அணுகும் முஃப்தியுமே தீர்மானிக்கவேண்டும்.

வட்டியில்லா வங்கி இந்தியாவில் ஏன் வரவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 8ஆம் பிரிவில் வங்கிகள் பொருள்களை வாங்கி விற்பதைத் தடுக்கிறது. 9ஆம் பிரிவில், தன் அலுவலகத் தேவைக்கல்லாத அசையாச் சொத்தை ஏழாண்டுகளுக்கு மேல் வைத்திருப்பதைத் தடுக்கிறது. வீட்டை வங்கியே வாங்கி இலாபம் சேர்த்து விற்கும் ‘முராபஹா’வுக்கும், படிப்படியாகப் பங்கை விற்கும் கூட்டுடைமைக்கும் இவை தடையாக உள்ளன. 2008இல் இரகுராம் ராஜன் குழு வட்டியில்லா நிதிமுறைக்குப் பரிந்துரை செய்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அத்திட்டத்தைத் தொடர்வதில்லை என்று அறிவித்தது.

இந்த இடைவெளியில் ‘ஹலால் இலாபம்’ என்ற பெயரில் கடை விரித்தோரும் உண்டு. 2019இல் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, வீட்டுக்கும் திருமணத்துக்கும் சேர்த்த பணத்தை இழந்த முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். வட்டியைத் தவிர்க்கும் பேணுதல் பாராட்டத்தக்கது. அதற்காக விசாரணையைத் தவிர்ப்பது பேணுதலாகாது.

சென்னையில் வழக்கத்திலுள்ள மற்றொரு வழி ‘லீஸ்’. பெற்றோர் வீட்டில் இடம் போதாத இளந்தம்பதியர், வீட்டுக்காரரிடம் ஐந்தோ ஏழோ இலட்சம் கொடுத்து, மாத வாடகையின்றி மூன்றாண்டு குடியிருந்து, முழுப் பணத்தையும் திரும்பப் பெறுகின்றனர். சேமிப்பு கரையாமல் தனிக்குடித்தனமும் கிடைப்பதால் இது வரமாகத் தோன்றுகிறது. பெயர் லீஸ் என்றாலும் உள்ளடக்கம் கடனும் அதற்கீடான அடமானமுமே. நம் முன்னோர் இதனை ஒத்தி, போக்கியம் என்று சரியாகவே அழைத்தனர். கடன் கொடுத்தவர் அக்கடனால் அடையும் பயன் ரிபாவாகும் என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. புகாராவிலும் பல்கிலும் வாழ்ந்த பிற்கால ஹனஃபி அறிஞர்கள் ‘பைஉல் வஃபா’ என்றும், ஹள்ரமவ்த்தின் ஷாஃபிஈ அறிஞர்கள் ‘பைஉல் உஹ்தா’ என்றும், திருப்பித் தரும் வாக்குறுதியோடு கூடிய விற்பனையாக இதனையொத்த ஒன்றுக்கு இடமளித்தனர். அதற்கு உண்மையான விற்பனை ஒப்பந்தம் வேண்டும். நம் லீஸ் பத்திரங்களில் விற்பனை என்பதே இல்லை. நியாயமான மாத வாடகை பேசி, முன்பணத்தை வாடகையில் கழித்துக்கொள்வதே ஐயமற்ற வழி.

வீட்டுக்குள்ளேயே ஒரு வழி

வங்கியால் இங்கு செய்யமுடியாத ‘முஷாரகா முதனாகிஸா’, அதாவது குறைந்துசெல்லும் கூட்டுடைமையை, ஒரு தந்தையும் மகனும் தமக்குள் செய்துகொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. எடுத்துக்காட்டாக, திருவொற்றியூரில் 40 இலட்சத்தில் ஒரு வீடு. தந்தை தம் ஓய்வுக்காலப் பணத்தில் 24 இலட்சம், மகன் தன் சேமிப்பில் 16 இலட்சம் போடுகின்றனர். பங்கு 60க்கு 40. மகன் அங்கே குடியேறுகிறான். ஊர் வழக்கப்படி வாடகை மாதம் 12,000 எனில், தந்தையின் பங்குக்குரிய 7,200ஐ அவரிடம் கொடுக்கிறான். ஆண்டுதோறும் 2.4 இலட்சம் கொடுத்துத் தந்தையின் பங்கில் பத்தில் ஒன்றை வாங்குகிறான். அடுத்த ஆண்டு வாடகை 6,480, அதற்கடுத்து 5,760 என்று குறைந்துவரும். பத்தாண்டில் வீடு முழுவதும் மகனுடையது. வாடகையாகக் கொடுத்தது மொத்தம் 4,75,200 ரூபாய்.

இதில் கவனிக்கவேண்டியவை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பங்கை விற்பது தனித்தனி விற்பனையாக இருக்கவேண்டும். முன்கூட்டித் தருவது வாக்குறுதி மட்டுமே. வீட்டுக்குச் சேதம் நேர்ந்தால் அவரவர் பங்களவில் இழப்பும் சேரும். பெரிய பழுதுபார்ப்பும் அவ்வாறே. பத்திரத்தில் இருவர் பெயரும், அவரவர் பங்கும் தெளிவாக இருக்கவேண்டும். இடையில் தந்தை இறந்தால் அவருடைய எஞ்சிய பங்கு மட்டுமே மீராஸ். மகன் வாங்கிய பங்கைப் பற்றி எவரும் வாதாட இடமில்லை. தந்தைக்கு முதுமையில் மாத வருமானம் கிடைக்கிறது. மகளின் உரிமை குறையவில்லை. மகன் வட்டியின் வாசலை மிதிக்கவில்லை.

அவ்வளவு பணமில்லாத தந்தையரே பெரும்பாலோர் என்பதை அறிவேன். அவர்களுக்கும் இக்கட்டுரையின் முதற்செய்தி பொருந்தும். மகன் எட்டு இலட்சம் தந்தாலும் எண்பதாயிரம் தந்தாலும் அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

எழுதிவையுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதும் அன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அது, தவணைக் கடனை எழுதிவைப்பது பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படையலாகாது என்றும், சாட்சிகளை வைக்கவேண்டும் என்றும், ஐயத்திலிருந்து காப்பதற்கு அதுவே நெருக்கமான வழி என்றும் அது அறிவுறுத்துகிறது. அந்நியரோடு மட்டும் எழுதுங்கள், உறவினரோடு எழுதவேண்டாம் என்று அவ்வசனத்தில் இல்லை.

நம் வீடுகளில் எழுதுவது அவமதிப்பாகக் கருதப்படுகிறது. ‘பெற்ற தகப்பனிடமே பத்திரமா?’ என்று உம்மா கண்கலங்குவார். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆயினும் எழுதப்படும் தாள் தந்தைக்கு எதிரானதன்று. தந்தை இல்லாத நாளில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எதிராகாமல் காப்பது அது. ஒரு சாதாரணத் தாளில், ‘இன்ன தேதியில் இவ்வளவு தொகையை மாடி கட்டுவதற்காகக் கடனாக’ என்றோ, ‘அன்பளிப்பாக’ என்றோ, ‘நான்கில் ஒரு பங்குக்காக’ என்றோ எழுதி, தாயும் உடன்பிறந்தோரும் அறியக் கையொப்பமிட்டால் போதும். குடும்பத்தின் பாதிச் சண்டை அன்றே தீர்ந்துவிடும். அசையாச் சொத்தில் பங்கு என்றால் பதிவுப் பத்திரமும் தேவை. நிகாஹ் பதிவேட்டைப் பேணிவரும் ஜமாஅத்துகள், குடும்ப ஒப்பந்தங்களுக்கென ஒரு மாதிரிப் படிவத்தை அச்சிட்டு வைத்தால், எழுதுவதிலுள்ள கூச்சமும் நீங்கும்.

இராயபுரத்து அந்த மூவரின் வழக்கு எப்படி முடிந்தது? தந்தை அந்தத் தொகையைக் கடன் என்று ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம் இல்லை. பங்கு பேசியதற்கும் சாட்சி இல்லை. தீர்ப்பாகச் சொல்வதற்கு என்னிடம் வலுவான எதுவும் இருக்கவில்லை. ஸுல்ஹு என்னும் சமரசத்தையே முன்வைத்தேன். நீண்ட மௌனத்துக்குப் பின் அந்தச் சகோதரி, அண்ணன் கொடுத்த எட்டு இலட்சத்தை முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு மீதத்தைப் பிரிக்கலாம் என்றார். இளையவரும் ஒப்பினார். அவர் அந்த ஒரு சொல்லால் விட்டுக்கொடுத்தது 1.4 இலட்சம். மூவரிலும் வசதி குறைந்தவர் அவரே.

ஒருவர் பெருந்தன்மையால் அடைத்த அந்த இடைவெளியை, பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு வரி எழுதியிருந்தால் எவரும் அடைக்கவேண்டியிருந்திராது. நம் வீடுகளை அமைதித்தலங்களாக ஆக்கிய அல்லாஹ், அவற்றுள் நீதியையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.